தத்துவத் துறைக் கருத்தரங்குக்கு ஒரு வெளியாள் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்காவில் கோப்பி குடிக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், தமிழ்மொழி விழா நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். படிப்பு முடிந்து வேறு வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் துறைக் கருத்தரங்குக்குப் போகும் பழக்கம் விடவில்லை. எந்தத் துறையின் சார்பிலும் இதை எழுதவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தத்துவத் துறையில் அப்படி என்னதான் நிகழ்ச்சி நடக்கும்?

முதலில், நடக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். தியானம் கிடையாது, உபதேசம் கிடையாது, மன அமைதிக்கு வழி யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதைத் தேடி வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடப்பவற்றில் முதுகெலும்பு என்றால் துறைக் கருத்தரங்குதான். உள்ளூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒருவர் வந்து, தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையை முன்வைப்பார்; மற்றவர்கள் அதைப் பிய்த்துப் பார்ப்பார்கள். ஆய்வு மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் கருத்தரங்கு தனி. அப்புறம் வாசிப்பு வட்டங்கள், இரண்டு மூன்று நாள் பயிலரங்குகள், எப்போதாவது பெரிய அரங்கில் ஒரு பொதுச் சொற்பொழிவு. மாணவர் குழுக்கள் படம் போட்டு, அது முடிந்ததும் இரவு வெகுநேரம் வாதாடுவதும் உண்டு. கடைசி ஆண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைப் பேசிக் காட்டும் நாளுக்குப் போனால், கை நடுங்க ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சுதந்திர விருப்பம் உண்டா இல்லையா என்று பேசுவதைக் கேட்கலாம். எனக்கு அது பெரிய பேராசிரியர்களின் உரையைவிடப் பிடிக்கும்.

தத்துவமா, மெய்யியலா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. மெய்யியல் நல்ல சொல். இலங்கைத் தமிழர்கள் அதைத்தான் இயல்பாகச் சொல்கிறார்கள். தத்துவம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் 36 என்று கணக்கு, அங்கே அது ஒரு பாடத்துறையின் பெயர் இல்லை. அதோடு, தத்துவம் படிக்கிறேன் என்று சொன்னதும் என் அத்தை கேட்ட முதல் கேள்வி, “எந்தச் சாமியாரிடம்?” இருந்தாலும் பேச்சில் வருவது தத்துவம்தான், இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

வெளியாட்கள் வரலாமா? கட்டணம் உண்டா?

துறைக் கருத்தரங்குகள் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தவை, கட்டணமும் இல்லை. அறிவிப்பில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேரே போய் உட்காரலாம். வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை. வாசிப்பு வட்டம் அப்படி இல்லை. எட்டுப் பத்துப் பேர் வாரா வாரம் சேர்ந்து படிக்கும் இடம் அது. நடத்துகிறவருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பது மரியாதை. வகுப்புகளுக்குள் நேரே நுழைவது கூடாது, அவை பதிவு செய்து படிக்கிற மாணவர்களுக்கு.

எங்கே, எப்போது, எப்படிப் போவது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில், கலை, சமூக அறிவியல் புலத்தின் ஏ.எஸ்.3 கட்டடத்தில் இருக்கிறது. வட்டப் பாதையில் கெண்ட் ரிட்ஜ் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கினால் வளாகத்துக்குள் ஓடும் இலவசப் பேருந்து கிடைக்கும். மத்திய நூலகத்தில் இறங்கி நடக்கலாம். கிளமெண்டியிலிருந்து 96, புவன விஸ்தாவிலிருந்து 95 என்று பொதுப் பேருந்துகளும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் அங்குள்ள ஹியூமானிட்டீஸ் பள்ளியின் கீழ் வருகிறது. பூன் லே பேருந்து நிலையத்திலிருந்து 179 அல்லது 199 பிடித்தால் வளாகத்துக்குள் கொண்டுபோய் விடும்.

கெண்ட் ரிட்ஜ் பெயருக்கேற்றபடி ஒரு மேட்டின் முகடு. சரிவில் கட்டிய கட்டடங்கள் என்பதால், ஒன்றின் தரைத்தளத்தில் நுழைந்து கூரையிட்ட நடைபாதை வழியாக நேரே நடந்தால் பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு மாடி எண் வரும். முதல் முறை போகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போங்கள். வழி கேட்டால் மாணவர்கள் சொல்வார்கள், ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கே தெரியாது.

நாள் என்று பார்த்தால், தேசியப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலமாக வியாழன் பிற்பகல் 2 முதல் 4 வரை என்ற வழக்கம் இருந்தது. பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது, அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் பருவம் ஆகஸ்டில் தொடங்கும், இரண்டாம் பருவம் ஜனவரியில். ஒவ்வொன்றிலும் பாடம் நடப்பது 13 வாரம், நடுவில் ஒரு வாரம் விடுப்பு. நிகழ்ச்சிகளும் அந்த வாரங்களில்தான் நெருக்கமாக வரும். தேர்வு நேரத்திலும் ஜூன், ஜூலை மாதங்களிலும் துறை வெறிச்சோடிக் கிடக்கும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரநாள் பிற்பகல் கஷ்டம்தான். நான் மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் விடுப்பு எடுக்கிறேன். மேலதிகாரியிடம் காரணம் சொன்னதில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

ஒரு நடுத்தர அறை, மேசைகளைச் சதுரமாகப் போட்டிருப்பார்கள், சுற்றி இருபது இருபத்தைந்து பேர். ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நாடகம் போட்டால் அரங்கம் நிறைகிறதே, அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். பேச்சாளரை இரண்டே வாக்கியத்தில் அறிமுகப்படுத்துவார்கள். பொன்னாடை கிடையாது. எத்தனை நூல் எழுதினார், எத்தனை விருது வாங்கினார் என்ற பட்டியலும் கிடையாது. நம் கூட்டங்களில் அறிமுகவுரைக்குப் போகும் நேரத்தில் இங்கே பேச்சில் பாதி முடிந்திருக்கும்.

இரண்டு பக்கத் தாள் ஒன்று கைக்குக் கை மாறி வரும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வரைபடம். அதில் கூற்றுகளுக்கு எண் போட்டிருப்பார்கள். ஒன்று இது, இரண்டு இது, மூன்று இது, ஆகவே நான்கு. பேச்சாளர் ஐம்பது நிமிடம் பேசுவது அந்த மூன்றையும் நாம் ஏன் ஏற்க வேண்டும் என்றுதான். இடையில் யாராவது ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்பார்கள். மற்றபடி அமைதி, பேனா சத்தம் மட்டும்.

பிறகு ஐந்து பத்து நிமிட இடைவேளை. வெந்நீர்க் கெட்டில், தேநீர்ப் பை, பிஸ்கட். இந்த இடைவேளையை வெறும் தேநீர் நேரம் என்று நினைக்க வேண்டாம். கையில் கோப்பையோடு ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள், கேள்வியை மனதுக்குள் செதுக்கிக்கொண்டு.

அதற்கு அப்புறம் வரும் ஒரு மணி நேரம்தான் உண்மையான நிகழ்ச்சி. பேச்சு அதற்கு முன்னுரை மாதிரி. பேச்சு மட்டும் கேட்டுவிட்டு இடைவேளையில் கிளம்புகிறவர்களைப் பார்த்தால், இலை போட்டதும் எழுந்து போகிறவர்களைப் பார்ப்பதுபோல எனக்கு இருக்கும்.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வாக்குறுதிகளைப் பற்றிப் பேசினார். வாக்குக் கொடுப்பது நம்மைக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம், அது எதிராளியின் மனதில் ஒரு எதிர்பார்ப்பை வளர்த்துவிடுவதுதான் என்பது அவர் வாதம். முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: “உங்கள் தாளில் இரண்டாவது வரி. என் தாத்தா சாகும் தறுவாயில் இருக்கிறார். வீட்டை விற்க மாட்டேன் என்று அவரிடம் சொல்கிறேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. மறுநாள் போய்விட்டார். நான் விற்கலாமா?” பேராசிரியர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். தாளைப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும், அறையில் குளிர்சாதனம் ஓடும் சத்தம் மட்டும். “இரண்டாவது வரியை நான் மாற்ற வேண்டியிருக்கிறது” என்றார், பேனாவை எடுத்துத் தன் தாளிலேயே குறித்துக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் இன்னும் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன்.

சிலர் கையையும் சிலர் விரலையும் தூக்குகிறார்களே, ஏன்?

புதிய கேள்வி என்றால் கை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சி என்றால் ஒற்றை விரல். நெறியாளர் கை தூக்கியவர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொள்வார், விரல் தூக்கியவர்களை இடையில் விடுவார். உலகத்தில் பல தத்துவத் துறைகளில் உள்ள வழக்கம் இது. விரலைத் தூக்கிவிட்டு முற்றிலும் புதிய கேள்வியைக் கேட்பது வரிசையில் நடுவே புகுவது மாதிரி. சிங்கப்பூரில் வரிசையில் புகுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேள்வி கேட்கலாமா? அசட்டுத்தனமாக இருந்துவிட்டால்?

கேளுங்கள். நான் கேட்ட முதல் கேள்வியைவிட அசட்டுத்தனமாக உங்களால் கேட்க முடியாது. முதலாண்டு மாணவனாக இருந்தபோது எழுந்து நின்றேன். அதுவே தவறு, அங்கே எல்லாரும் உட்கார்ந்தபடிதான் கேட்பார்கள். பேச்சாளருக்கு நன்றி சொன்னேன். ஒரு குறளைத் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் பெயர்த்து, வள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார் என்று முடித்தேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நெறியாளர் மிகவும் பணிவாகக் கேட்டார்: “நல்லது. இதில் கேள்வி எது?” என்னிடம் கேள்வி இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பிற்பாடு யோசித்தபோது, குறளைச் சொன்னதில் தவறில்லை, அதை ஒரு கேள்வியாக ஆக்கத் தெரியாததுதான் தவறு என்று பட்டது. பொய்மையும் வாய்மை இடத்து என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது அது. பொய் சொல்வது எந்த நிலையிலும் தவறு என்று ஒருவர் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட்டைப் பின்பற்றி வாதிட்டால், வள்ளுவர் சொன்னார் என்பது பதிலாகாது. “நன்மை தரும் பொய்க்கும், குற்றமே இல்லாத நன்மை தரும் பொய்க்கும் வேறுபாடு வைத்தால் உங்கள் வாதம் இரண்டையும் சேர்த்துத் தள்ளுகிறதா, ஒன்றை மட்டுமா?” என்று கேட்டால் அறை நிமிர்ந்து உட்காரும்.

நடைமுறை யோசனை ஒன்று. கேள்வியைத் தாளில் எழுதுங்கள், பாதியை அடியுங்கள், மிச்சத்தைக் கேளுங்கள்.

இதற்கும் நம் பட்டிமன்றத்துக்கும் என்ன வித்தியாசம்?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இங்கே பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இது முக்கியமான கேள்வி. பட்டிமன்றத்தில் கட்சி முன்கூட்டியே பிரிந்துவிடும். நடுவில் மனம் மாறினேன் என்று ஒரு பேச்சாளர் சொன்னால் நிகழ்ச்சியே கவிழ்ந்துவிடும். கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார், அதுவும் இரு தரப்பும் நோகாமல். கருத்தரங்கில் நடுவர் இல்லை, தீர்ப்பு இல்லை. மனம் மாறுவதற்கு இடம் கொடுக்கவே அது நடக்கிறது. சிரிப்புக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், பட்டிமண்டபம் என்ற சொல்லே முதலில் தத்துவவாதிகளுக்கு உரியது. மணிமேகலையின் முதல் காதையில், புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சொல்லும் அறிவிப்புகளில் இதுவும் ஒன்று: சமயப் பொருளை வாதிடுவோர் பட்டிமண்டபத்தில் முறைப்படி ஏறுங்கள். அதையடுத்து, பகைவரோடுகூடச் சினமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்கிறான். கருத்தரங்கு அறிவிப்பும் நடத்தை நெறியும் சேர்ந்து வந்துவிட்டன. இன்றைக்கு எந்தத் துறையின் அறிவிப்பிலாவது அந்த இரண்டாவது பகுதியைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

பேச்சாளரை மடக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். என் நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். “அந்த மனுஷரை இப்படிப் போட்டு வறுக்கிறார்களே” என்று பதறினார். அரை மணி கழித்துப் பேச்சாளரும் அவரை வறுத்தவரும் லிஃப்டுக்காகக் காத்திருந்தபடி ஒரே பக்கத்துத் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே ஓட்டையைக் காட்டுகிறவருக்குப் பேச்சாளர் கடன்பட்டவர். கெட்ட பழக்கங்களும் உண்டு, மறைக்கவில்லை. தன் அறிவைக் காட்டவே கேட்பவர்கள், குரலை உயர்த்துபவர்கள், பெண் மாணவி பேசும்போது மட்டும் குறுக்கே விழுபவர்கள் எந்தத் துறையிலும் இருப்பார்கள். நெறியாளர் நல்லவராக அமைந்தால் அது அடங்கிவிடும்.

வயதில் மூத்தவரை எதிர்த்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் அது போக ஐந்து வருடம் பிடித்தது. “ஐயா சொன்னது தவறு” என்பதற்கும் “இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரவில்லை” என்பதற்கும் தூரம் அதிகம். இரண்டாவதைச் சொல்லப் பழகுங்கள்.

தத்துவம் படிக்காதவருக்குப் புரியுமா?

எல்லாம் புரியாது. எனக்கும் எல்லாம் புரிவதில்லை. கணித ஏரணம் (ஏரணம் என்றால் லாஜிக்), மொழித் தத்துவத்தின் நுணுக்கமான மூலைகள் என்றால் முதல் தாளிலேயே குறியீடுகள் வந்து விழும், அவற்றைத் தவிருங்கள். அறிவு என்றால் என்ன, எது நியாயம், தனி மனிதன் என்பவன் யார் போன்ற தலைப்புகளில் தொடங்குங்கள். ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதிப் பேச்சைத் தொடர்ந்துவிடலாம்.

அறிவைப் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி வரும் பெயர் எட்மண்ட் கெட்டியர். 1963இல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை நம்புகிறோம், அது உண்மை, நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று பலரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றும் இருந்தும் அறிவு இல்லாத நிலைகள் உண்டு என்று காட்டிவிட்டார்.

அவருடைய எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் சுற்றி வளைத்தவை. நான் நண்பர்களுக்குச் சொல்வது இது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பலகை 96 இரண்டு நிமிடத்தில் வரும் என்று காட்டுகிறது. நம்புகிறீர்கள், தினமும் சரியாகக் காட்டும் பலகை, நம்பக் காரணமும் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் 96 வந்துவிட்டது. ஆனால் பலகை காலையிலிருந்தே உறைந்துபோய் அதே இரண்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்து வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரியும் என்று சொல்ல வாய் வராது. சரி, அப்படியானால் என்ன குறைகிறது? அறுபது வருடமாக இதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட விடை இல்லை.

இதில் நமக்கு ஒரு சுவாரசியம் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் தர்மோத்தரர் என்ற பௌத்தர் இதே வகையான நிலையை எழுதியிருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவன் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவன் அறிந்தானா? கெட்டியரைப் பற்றிய பேச்சுக்குப் பிறகு இதைக் கேள்வியாகப் போட்டால் பேச்சாளர்கள் பெரும்பாலும் குறித்துக்கொள்வார்கள். நமக்கும் “அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்” என்ற பெருமையோடு நிறுத்திவிடாமல், தர்மோத்தரர் இதை எதற்காகப் பயன்படுத்தினார் என்று தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில் எனக்கு ஒரு மழைக்காலம் போனது.

இந்தியத் தத்துவத்துக்கு இடம் உண்டா? தமிழுக்கு?

நேர்மையான பதில்: இந்தியத் தத்துவத்துக்குக் கொஞ்சம், தமிழுக்கு மிகக் கொஞ்சம். சீனத் தத்துவம் சிங்கப்பூர்த் துறைகளில் வலுவானது. கன்பூசியஸ், மென்சியஸ், சுவாங் ஸி என்று வருடம் முழுக்கப் பேச்சுகள் வரும். நன்யாங்கில் தத்துவப் பாடத்திட்டத்தைத் தொடங்கிவைத்த சென்யாங் லி கன்பூசியச் சிந்தனையில் பேர்பெற்றவர். இந்தியச் சிந்தனைக்கு அறிமுகப் பாடம் நடந்திருக்கிறது, பௌத்தம், நியாய தரிசனம் பற்றிய பேச்சுகளும் அவ்வப்போது வருகின்றன. சுவாங் ஸியையும் தவறவிடாதீர்கள் என்று சொல்வேன். ஆற்றுப் பாலத்தில் நின்று மீன்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றன என்கிறார் அவர். நீங்கள் மீன் இல்லையே, எப்படித் தெரியும் என்கிறார் நண்பர் ஹுய் ஸி. நீங்கள் நான் இல்லையே, எனக்குத் தெரியாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று திரும்பி வருகிறது பதில். நம் ஊர்த் திண்ணையில் நடந்திருக்கக்கூடிய பேச்சு.

தமிழில் இருப்பதை அந்த அறைக்குள் கொண்டுபோவது நம் வேலை. மணிமேகலை வஞ்சியில் அளவைவாதி, ஆசீவகன், சாங்கியன், பூதவாதி என்று வெவ்வேறு கொள்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணமே பாடம் எடுக்கிறார். பழுதான வாதங்களைப் பக்கப் போலி, ஏதுப் போலி என்று வகை பிரித்துக் காட்டுகிறார். பள்ளியில் அமுதசுரபியோடு நிறுத்திவிட்டோம். நீலகேசி, சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்று பிறர் கொள்கையை எடுத்து வைத்து மறுக்கும் நூல்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை ஆங்கிலத்தில் இருபது நிமிடம் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவர் வந்தால் கேட்கிறவர்கள் இருப்பார்கள். தமிழ் தெரிந்தவருக்கு ஏரணம் தெரிவதில்லை, ஏரணம் தெரிந்தவருக்குத் தமிழ் தெரிவதில்லை. குறை அங்கேதான்.

வாசிப்பு வட்டம் எப்படி நடக்கும்?

மெதுவாக. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம். ஒருவர் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிப்பார், இங்கே ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று அடுத்தவர் தன் சொற்களில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருக்கும், மூன்றாவது வாரம் பழகிவிடும். படிக்காமல் போகாதீர்கள், பத்துப் பேரில் யார் படிக்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சமயத்தைப் பற்றிக் கேட்கலாமா? சிங்கப்பூரில் சிக்கல் வராதா?

கடவுள் உண்டா என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று, வகுப்பிலும் கருத்தரங்கிலும் நடக்கிறது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் இயற்றப்பட்ட நாடு இது, அதனால் எல்லாருக்கும் ஒரு கவனம் இருக்கும். என் அனுபவத்தில் அந்தக் கவனம் வாதத்தைக் கெடுப்பதில்லை, கூர்மையாக்குகிறது. “உலகில் இவ்வளவு துன்பம் இருக்க, எல்லாம் வல்ல, எல்லாம் நல்ல கடவுள் எப்படி?” என்பது ஒரு வாதத்தின் மீதான கேள்வி. “இதை நம்புகிறவர்கள் முட்டாள்கள்” என்பது கேள்வியே இல்லை. பக்கத்து நாற்காலியில் முக்காடு அணிந்த மாணவியும் அதற்கடுத்து ஒரு பாதிரியாரும் உட்கார்ந்து இதே கேள்வியை வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். இடைவேளையில் பிஸ்கட் டப்பாவை மாற்றிக்கொண்டார்கள்.

யேல்-என்.யு.எஸ். கல்லூரியில் நடந்த நிகழ்ச்சிகள் இப்போது உண்டா?

யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. மூடப்போவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2025இல் மூடப்பட்டது. பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் நூலை ஆங்கிலத்தில் தந்த ஜே கார்ஃபீல்டு சில ஆண்டுகள் அங்கே கற்பித்தார். கிழக்கையும் மேற்கையும் ஒரே பாடத்தில் படிக்கவைத்த இடம் அது. எனக்கு அதன் மீது கொஞ்சம் ஏக்கம் உண்டு.

உலகத் தத்துவ நாள் என்கிறார்களே, அது எப்போது?

நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை. யுனெஸ்கோ 2002 முதல் கடைப்பிடிக்கிறது. சிங்கப்பூரில் அது முதல் பருவத் தேர்வுக்கு நெருக்கமாக வந்து விழுவதால் மாணவர்களுக்கு மனம் ஒட்டாது. ஜனவரி 14 உலக ஏரண நாள். ஏரண அறிஞர்களான தார்ஸ்கி பிறந்ததும் கோடல் இறந்ததும் அந்தத் தேதியில். நமக்கு அன்று பெரும்பாலும் பொங்கல், பானையைப் பார்ப்பதா கோடலைப் பார்ப்பதா.

தொடக்கக்கல்லூரி மாணவர்கள் வரலாமா?

தாராளமாக. ஏ நிலையில் எச்2 நாலட்ஜ் அண்ட் இன்குவைரி (அறிவைப் பற்றியே ஆராயும் பாடம்), அதாவது கே.ஐ. எடுத்தவர்களுக்குக் கெட்டியர் எல்லாம் பழகிய பெயராக இருக்கும். மற்றவர்கள் பல்கலைக்கழகத் திறந்தநாளில் துறையின் மேசைக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம். அங்கே நிற்கும் சீனியர் மாணவர்களிடம் “எந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்கவில்லை?” என்று கேளுங்கள். பிடித்ததைக் கேட்டால் கையேட்டில் இருப்பதையே சொல்வார்கள்.

என் மகள் தத்துவம் படிக்கிறேன் என்கிறாள். சோறு போடுமா?

இந்தக் கேள்வியை என் அப்பாவும் கேட்டார், அதனால் கோபமில்லை. தத்துவம் படித்தவருக்கென்று காத்திருக்கும் வேலை கிடையாது. உடன் படித்தவர்கள் அரசாங்கத்தில், பள்ளியில், செய்தித்துறையில் இருக்கிறார்கள். ஒருவர் சட்டம் படித்தார், ஒருவர் கணினிப் பக்கம் போனார். யாரும் பட்டினி இல்லை, யாரும் அதனாலேயே பணக்காரரும் இல்லை. முடிவெடுக்கும் முன் மகளோடு ஒரு கருத்தரங்குக்குப் போய் வாருங்கள். இரண்டு மணி நேரம் அவள் முகத்தைப் பாருங்கள், பேச்சாளரைப் பார்க்க வேண்டாம்.

பேச்சாளரோடு சாப்பிடப் போவார்களாமே, நானும் போகலாமா?

கருத்தரங்கு முடிந்ததும் துறையினர் பேச்சாளரை இரவு உணவுக்கு அழைத்துப் போவது வழக்கம். மேசைக்கு இத்தனை பேர் என்று சொல்லிவைத்திருப்பார்கள். அழைத்தால் போங்கள், தானாக ஒட்டிக்கொள்ள வேண்டாம். போனால் உங்கள் பங்குப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

தமிழிலேயே இப்படி ஒன்று நடத்த முடியாதா?

முடியும், நாங்கள் ஏழு பேர் நடத்திப் பார்த்தோம். நூலகத்தில் ஒரு அறை, சனிக்கிழமை மாலை. முதல் கூட்டம் சொதப்பல்: வரவேற்புரை, வாழ்த்துரை என்று ஆரம்பித்து, கேள்விக்கு வந்தபோது அறையைக் காலி செய்யும் நேரம். இரண்டாவது முறை அறிமுகம் ஒரே வாக்கியம், பேச்சு முப்பது நிமிடம், தாளில் எண் போட்ட வரிகள், மிச்ச நேரம் முழுக்கக் கேள்வி என்று கறாராக வைத்தோம். மேற்கோள் சொன்னால் அதைத் தொடர்ந்து ஒரு கேள்வி கட்டாயம் என்பது என் சொந்த அனுபவத்திலிருந்து வந்த விதி. கலைச்சொல்லுக்குத் தடுமாறினோம், வாதம், எடுகோள், முடிவு, எதிர்க்காட்டு என்ற நான்கை வைத்துக்கொண்டு மற்றதை எளிய தமிழில் சொன்னோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இடையில் நிறுத்தி, “இரும்மா, நான் இதுவரை சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

பேனா, மடிக்கக்கூடிய நோட்டு, ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரை மறந்தால் நாலு மணிக்கு உங்களுக்குக் கேள்வி எதுவும் தோன்றாது.